நாலு வீட்டு ஒழுக்கு

புத்திசாலிகள் கட்டிய வீடுகளைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய உண்டு. சாந்தூர் ஒற்றுமைக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் கட்டியதைப் பற்றி ஒன்றுகூட இல்லை. அந்தக் குறையை இன்று தீர்க்கிறேன்.

ஒரே கட்டடம், அடுக்குக்கு ஒன்றாக நான்கு வீடுகள். உச்சியில் தையல்காரி இரத்தினாவதி. அவருக்குக் கீழே சங்கத் தலைவர் தணிகாசலம். அதற்கும் கீழே ஹபீபுல்லா. தரையில் ஞானப்பிரகாசம்.

ஐப்பசி மழையில் இரத்தினாவதியின் கூரை விரிசல் விட்டு, தையல் மெஷின்மேல் சொட்டியது. மறுநாள் ஒரு கல்யாணம். மணப்பெண்ணின் பட்டு ஜாக்கெட் பாதி தைத்தபடி கிடந்தது. சாயங்காலம் வாங்க வருவார்கள். பொதுக்குழு அவசரமாகக் கூடியது.

தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதினேழாம் விதியை வாசித்தார்: “கட்டடத்தின் நன்மை தீமை யாவும் உறுப்பினர் அனைவருக்கும் சரிசமம்.”

“அப்படின்னா இந்தம்மா மட்டும் ஒழுக்கை வச்சுக்கிட்டிருக்கிறது அநியாயம்,” என்றார் ஹபீபுல்லா.

“நான் வேணும்னு வச்சுக்கலண்ணே, அதுவா வந்துச்சு. ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்குங்க.”

“கடைசி வீடுன்னு என்னை விட்டுடக் கூடாது,” என்றார் ஞானப்பிரகாசம். “மொட்டை மாடிக் காத்துலயே எனக்கு இன்னும் பங்கு வரல.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கொத்தனார் வந்தார்.

“சார், மேல ரெண்டு கரண்டி சிமென்ட் பூசினா முடிஞ்சுதே?”

“ஒழுக்கு பொதுச் சொத்துய்யா! அதை அடைக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?” என்றார் தலைவர்.

கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, மூன்று தளத்திலும் ஒரே நேரில் துளை போட்டார். நாலு வீட்டுக்கு விரிசல் காணாது என்று தலைவர் சொன்னதால், கூரையிலும் தேங்காய் அளவுக்கு ஒன்று.

இரத்தினாவதி வீட்டில் மழை கொட்டியது. தலைவர் வீட்டில் கொட்டியது. ஹபீபுல்லா தன் பங்கு சிந்தாமலிருக்கத் துளைமேல் அண்டாவை வைத்துப் பிடித்தார். அண்டா நிறைந்தது. மழை நின்றது.

“நானும் உறுப்பினர்தானே?” என்று ஞானப்பிரகாசம் தழுதழுத்தார். “ஒரு சொட்டுகூட விழலியே!”

“மனசைத் தளர விடாதீங்க. மழை தராட்டி சங்கம் தரும்,” என்றார் தலைவர்.

அவரும் ஹபீபுல்லாவும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார்கள். அண்டா இருந்ததே ஞானப்பிரகாசத்தின் தலைக்கு மேல்தான், அங்கேயே கவிழ்த்திருக்கலாம். ஆனால் ஒழுக்கு என்றால் கூரையிலிருந்து வருவதுதான் முறை.

அதற்குள் இரத்தினாவதி மெஷினோடு ஞானப்பிரகாசம் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“அண்ணே, இங்க உக்காந்து தச்சுக்கவா? கட்டடத்துலயே காஞ்ச வீடு இது ஒண்ணுதான்.”

“என் வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்கம்மா,” என்று குடம் எடுக்க உள்ளே போனார் அவர்.

இரத்தினாவதி மெஷினைத் துளைக்கு நேர் கீழே போட்டார். நல்ல வெளிச்சம் வந்தது, வானமே தெரிந்தது. கடைசிக் கொக்கியைத் தைத்து, ஜாக்கெட்டை உயர்த்திப் பிடித்து அழகு பார்த்தார்.

அண்டா கவிழ்ந்தது.

ஞானப்பிரகாசம் குடத்தோடு ஓடி வந்தார். “அம்மா, அதை இதுல பிழிஞ்சிடுங்க. அது என் பங்கு.”

நியாயம்தானே? பிழிந்தார். குடத்தின் அடிகூட மறையவில்லை.

“வந்துச்சா?” என்று மேலிருந்து தலைவர் கேட்டார்.

“பத்தல! இன்னொரு அண்டா விடுங்க!”

இரத்தினாவதி கல்யாண ஜாக்கெட்டைத் துளைக்கு நேரே நன்றாக விரித்துப் பிடித்துக்கொண்டார்.

“சீக்கிரம் விடச் சொல்லுங்கண்ணே. பொண்ணு வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள, குடம் நிறையப் பிழிஞ்சு கொடுத்துடறேன்.”