குருவிகளுக்கு மட்டும்

"வீட்டுக் கதவு தெறந்துதான் கெடக்கு மதர். மகதான் வரமாட்டேங்கா" என்றார் சவரிநாயகம்.

மதர் ரொசாலியா கூடத்தில் கிறிஸ்துமஸ் குடிலைக் கலைத்துக்கொண்டிருந்தார். மண் ஆட்டுக்குட்டி ஒன்றைத் துடைத்து வைக்கோல் பெட்டிக்குள் வைத்தார்.

"யாருக்குத் தெறந்து கெடக்கு?"

"அவளுக்குத்தான். தனியா வந்தா இன்னைக்கே வரலாம். அந்தப் பையனக் கூட்டிட்டு வரக் கூடாது. அவ்வளவுதான் நான் சொன்னது."

மதர் அடுத்த ஆட்டுக்குட்டியை எடுத்தார்.

சவரிநாயகம் முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியும் விசில் அவர் கழுத்தை விட்டு இறங்கவில்லை. மகள் பிரிஸ்கா, வேறு மதத்துச் சாத்தூர்ப் பையன் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து மனிதர் அவன் பெயரைச் சொன்னதில்லை. எப்போதும் 'அந்தப் பையன்'தான்.

மூன்று கிறிஸ்துமஸ் போய்விட்டது. மனைவியும் இல்லாத வீட்டில் தனியாகக் கேக் வெட்டித் தனியாகத் தின்று அவருக்கு மனசு கசந்துவிட்டது. ஜெபிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு இந்தக் கடலோரத் தியான இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். மதர் அவரைவிட இருபது வயது இளையவர். அதை அவர் பெரிதுபடுத்தவில்லை, அந்த மட்டுக்கும் பாராட்டத்தான் வேண்டும்.

கிறிஸ்துமஸ் காலத்தை முடித்துவைக்கிற மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள் அது. குடிலுக்குப் பக்கத்தில் கிறிஸ்துமஸ் மரமாக வெட்டி நிறுத்தியிருந்த சவுக்கையும் எடுத்தாக வேண்டும். சவரிநாயகம் அதைக் கொல்லைக்கு இழுத்துப் போய்த் தீப்பெட்டி கேட்டார். சாமியார் ஜெபித்து மந்திரித்த பொருளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது, கோயிலில் பழைய குருத்தோலையை எரிக்கிற மாதிரி இதையும் எரித்துவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

"இன்னும் பச்சை போகல சார். எரிக்க வேண்டாம்" என்றார் மதர். "பந்தி வைப்போம்."

"யாருக்கு?"

மதர் வானத்தைக் காட்டினார்.

சவரிநாயகம் சொன்னால் செய்கிற மனிதர். ஜிகினாவையும் கம்பியையும் ஒன்று விடாமல் பிரித்தெடுத்தார். பனி என்று ஒட்டிவைத்திருந்த பஞ்சு அலகில் சிக்கிவிடும் என்று அதையும் பொறுக்கினார். கிணற்றடியில் வாளி நிறைய மணல் போட்டு மரத்தை நட்டார். கம்புக் கதிர், நூலில் கோத்த நிலக்கடலை, பப்பாளித் துண்டு எல்லாம் தொங்கவிட்டார். பெரிய சிரட்டையில் தண்ணீர் வைத்தார். மரம் டிசம்பரில் இருந்ததைவிட அழகாகிவிட்டது.

பிறகு நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தார்.

முதலில் காக்கா வந்தது. அது ரவுடி. விசில் அடித்தார்.

அணில் வந்தது. அது திருடன். விசில்.

நாலு மைனா வந்தது. வாயாடிகள். நீளமாக ஒரு விசில். உள்ளே தியானத்தில் இருந்தவர்கள் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார்கள்.

இந்தப் பந்தி சிட்டுக்குருவிகளுக்கு மட்டும் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அடக்கமான பறவை, இருக்கிற இடம் தெரியாமல் தின்றுவிட்டுப் போகும்.

மூன்றாம் நாள் காலையில் மதரிடம் வந்து நின்றார்.

"ஒரு குருவிகூட வரல மதர்."

"கதிர் இருக்கா?"

"அப்படியே இருக்கு."

"தண்ணி?"

"இப்பத்தான் மாத்தினேன்."

"நீங்க?"

"நானும் அங்கனயேதான் இருக்கேன். ஒரு நிமிஷம் நகரலயே."

மதர் கையை நீட்டினார். சவரிநாயகத்துக்குப் புரியவில்லை. மதர் அவர் கழுத்தைக் காட்டினார்.

எத்தனையோ பையன்களிடம் பம்பரமும் கோலியும் பிடுங்கி வைத்த மனிதர், அந்தப் பையன்களைப் போலவே விழித்துக்கொண்டு விசிலைக் கழற்றிக் கொடுத்தார். மதர் அதைக் கொண்டுபோய், நட்சத்திரம் இருந்த உச்சிக் கொம்பில் மாட்டினார். நாற்காலியை மடக்கினார். அவரைச் சமையலறைக்கு அழைத்துப் போய் ஒரு தேங்காய் மூடியையும் துருவியையும் கொடுத்தார்.

ஜன்னல் வழியாக மரம் தெரிந்தது.

காக்கா வந்தது. சவரிநாயகம் எழுந்தார்.

"தேங்கா" என்றார் மதர்.

உட்கார்ந்தார். காக்கா ஒரு பப்பாளித் துண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதனால் ஒன்றும் குடிமுழுகவில்லை. அணில் வந்து கடலையை உருட்டியது. மைனாக்கள் வந்து சண்டை போட்டன, குளித்தன, போயின. மரம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. சவரிநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு துருவினார்.

அப்புறம் ஒரு சிட்டுக்குருவி வந்தது. பெட்டை. உடனே தின்னவில்லை. கிணற்றுச் சுவரில் இருந்து பார்த்தது. கொம்புக்குத் தாவியது. இரண்டு மணி கொத்தியது. பறந்துவிட்டது.

"போயிட்டா மதர்" என்றார் சவரிநாயகம். அந்தக் குரலைக் கேட்க மதருக்கே பாவமாக இருந்தது.

"துருவுங்க சார்."

இன்னும் பாதி மூடி பாக்கி இருக்கும்போது குருவி திரும்பி வந்தது. கூடவே கழுத்தில் கறுப்பு தீற்றிய ஆண் குருவி ஒன்று. நேராக அதே கதிரில் வந்து உட்கார்ந்து, இடம் போதாமல் பெட்டையை இடித்துக்கொண்டு, உரிமைக்காரன் மாதிரி தின்னத் தொடங்கியது.

"இவன் எங்க இருந்து வந்தான்?" என்று சவரிநாயகம் சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது.

துருவலும் நின்றது.

மதர் தேங்காய்ப் பூத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சவரிநாயகம் கண்ணை முழங்கையால் துடைத்தார். கையெல்லாம் தேங்காய். அந்தக் கையோடேயே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மூன்று வருடமாகப் பண்டிகைக்கு ஒரு தடவை மட்டும், அதுவும் நிபந்தனை சொல்வதற்காக மட்டும் கூப்பிட்ட எண் அது.

பிரிஸ்கா உடனே எடுத்துவிட்டாள். "அப்பா" என்றாள், கொஞ்சம் பயத்தோடு.

சவரிநாயகம் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே, உச்சிக் கொம்பில், ஒரு மைனா விசிலைக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏட்டி பிரிஸ்கா" என்றார். "மாப்பிள்ளைக்கு என்ன மீன் பிடிக்கும்?"