தலைக்கு ஒரு பிடி

மாசி மகத்தன்று சிற்றம்பல அடிகளின் மடத்தில் பொதுச்சோறு பொங்குவார்கள். ஒவ்வொரு குடும்பமும் தலைக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவந்து வாசலில் வைத்த அண்டாவில் போடும். பால்குடிக்கும் பிள்ளைக்கும் ஒரு பிடிதான். அதைத் தாய் தன் கையால் அளந்து போடுவாள். அரைப் பிடி என்பது அங்கே கிடையாது.

அந்த ஆண்டும் காலையில் முதலில் அடிகளின் பாடம் நடந்தது. அணு என்றால் என்ன என்று கதிரேசன் கேட்டார். அவர் பள்ளி ஆசிரியர்.

பழைய காலத்துப் பெரியவர்கள் ஒரு நெல்லை மனத்தாலேயே பிளந்துகொண்டு போனார்கள், இனிப் பிளக்க வழியில்லை என்று நின்ற இடத்தில் மிஞ்சியதை அணு என்றார்கள் என்று அடிகள் சொன்னார். நம் சைவ நூல்களில் உயிருக்கும் அந்தப் பெயர் உண்டு என்றார்.

"அதையும் இப்போது பிளந்துவிட்டார்களே, சாமி."

"உயிரையா?"

"இல்லை, அணுவை."

"அப்படியானால் சரி" என்றார் அடிகள். எல்லோரும் சிரித்தார்கள்.

மரகதம் சிரிக்கவில்லை. மற்றவர்கள் எழுந்து வாசலுக்குப் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள்.

ஐப்பசியில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒருமுறை அழுதது. அவ்வளவுதான். பெயர் வைக்கவில்லை. சில நாளில் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதும் நின்றுபோயிற்று. மகத்துக்கு மூன்று பிடி எடுத்துக்கொள் என்றுதான் அவள் கணவன் சண்முகவேல் சொல்லியிருந்தான். அவனுக்கு, அவளுக்கு, மகனுக்கு.

அவள் அடிகளிடம் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். அதில் கொஞ்சம் அரிசி தனியாக இருந்தது.

"இது என்னம்மா?"

"கால் பிடி, சாமி. அதுக்காக. போடலாமா என்று கேட்கத்தான் நின்றேன்."

"ஏன் கால்?"

"முழுசாக இருக்கவில்லையே, சாமி."

மகன் பால்குடியாக இருந்த வருடம் எவ்வளவு போட்டாய் என்று அடிகள் கேட்டார். முழுப் பிடி என்றாள். யார் கையால் என்று கேட்டார். என் கையால்தான் என்றாள்.

அடிகள் உள்ளே போய் மடத்து அரிசிப் பானையைத் தூக்கி வந்து அவள் முன்னால் வைத்தார்.

"அந்தக் கைதானே இது? அள்ளு."

முடிச்சிலிருந்த அரிசியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, அதன் மேலேயே அவள் அள்ளினாள். விரல்கள் மூடின. அந்தப் பிடியை முந்தானையிலேயே முடிந்துகொண்டாள்.

வாசலில் சண்முகவேல் மகனுடன் வரிசையில் நின்றிருந்தான். மனைவி போடப் போட எண்ணிச் சொல்வது கணவன் பொறுப்பு. ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லி நிறுத்தினான். முந்தானை முடிச்சிலிருந்ததை எடுத்த மரகதத்தின் வலக்கை மூடியபடியே அண்டாவின் மேல் இருந்தது.

அது என்னவென்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அவளைப் பார்க்காமல் அடிகளைப் பார்த்தான்.

"சாமி, அது ஒரே ஒரு மூச்சுதான் விட்டது."

அடிகள் அவன் தோளில் கை வைத்தார்.

"முழு மூச்சா, சண்முகவேல்?"

வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். சண்முகவேல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"நாலு" என்றான்.