ஒன்பதாம் அறையில் சொன்ன உண்மை

கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் போய்க் கெட்ட பெயர் வாங்கியவர்கள் உண்டு. அப்படி மாட்டிக்கொண்ட ஒரு டாக்டரும், பொறாமையில் வெந்த ஒரு மனைவியும் வருகிற கதை இது. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

திருப்பூரில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே மனநலப் பிரிவு டாக்டர் ஹெப்சிபா, கஞ்சாப் பழக்கம் ஞாபகசக்தியை என்ன செய்கிறது என்று இரண்டு வருடமாக ஆராய்ந்துவந்தார். முப்பத்தெட்டுப் பேர் மாதம் ஒருமுறை வருவார்கள். அந்த மாதம் எத்தனை தடவை இழுத்தோம் என்று ஒளிக்காமல் சொல்வார்கள். பிறகு டாக்டர் பதினைந்து வார்த்தைகளை வாசிப்பார். நினைவில் நிற்பதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "நீங்கள் இங்கே வருவதைக்கூட யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று ஒவ்வொருவருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அறைக் கதவில் பெயர்ப்பலகை கிடையாது. ஒன்பது என்ற எண் மட்டும்தான்.

முப்பத்தெட்டில் ஒருவன் கனகராஜ், பனியனில் படம் அச்சடிக்கும் பட்டறைக்காரன். மூன்று வருடம் முன்பு மகள் தலையில் கை வைத்து, இனித் தொடமாட்டேன் என்று மனைவி துளசிமணியிடம் சத்தியம் செய்தவன். "இன்னொருக்கா தொட்டீங்கன்னு தெரிஞ்சுது, கோபியில இருக்கற எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்" என்று அவளும் சொல்லிவைத்திருந்தாள். சத்தியம் நாலு மாதம்கூட நிற்கவில்லை. பட்டறையின் மை வாடை மற்ற வாடையை மூடிவிட்டதால் அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

அவளை உறுத்தியது வேறு. கல்யாண நாளை மறப்பான், கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய மறப்பான், மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக்கூட ஒருநாள் மறந்தான். மாதத்தின் இரண்டாவது வியாழனை மட்டும் மறந்ததே இல்லை. அன்றைக்கு முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பிவிடுவான். கேட்டால், "ஒருத்தரப் பாக்கோணும்" என்பான். யாரை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவான். துளசிமணிக்கு வயிறு எரிந்தது. எவளுக்கோ இத்தனை அலங்காரம் செய்துகொள்கிற மனுஷன் தனக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை சீவியதுண்டா?

ஒரு வியாழக்கிழமை மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனாள். ஒன்பதாம் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே தன் வயதில் ஒரு பெண், பளிச்சென்று இருந்தாள். அந்த அழகே துளசிமணிக்குப் பொறுக்கவில்லை. எதிரே கனகராஜ் கண்ணை மூடிக்கொண்டு, "மல்லிகை... தொட்டில்... மழை..." என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தான். பத்து வருடக் குடித்தனத்தில் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை பேசியவன் இல்லை.

"எத்தன மாசமா நடக்குது இந்தக் கூத்து?" என்று அவள் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. டாக்டர் ஹெப்சிபா கனகராஜைப் பார்த்து, "நீங்க சொல்லிடுங்க. இது உங்க ரகசியம், என்னோடது இல்ல" என்றார். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"அப்ப நீ சொல்லு. எம்புருசன் உனக்கு என்ன வேணும்?"

"நான் சொல்ல முடியாதும்மா."

அதன்பிறகு துளசிமணி பேசியதை எழுத முடியாது. டாக்டர் கூனிக்குறுகி நின்றாரே தவிர வாய் திறக்கவில்லை. பொறுக்காதவர் நர்ஸ் பாக்கியம்தான்.

"வாய அடக்கு தாயி. உம்புருசன் கஞ்சா அடிக்கிற ஆளு. அதனால மறதி வருதான்னு பாக்கற ஆராய்ச்சி இது. மாசாமாசம் வந்து எத்தன தடவ அடிச்சேன்னு உள்ளதச் சொல்லிட்டுப் போறாரு. எங்க மேடத்தப் போயி இப்படிப் பேசறியே."

முறைக்குக் காத்திருந்த நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். விஷயம் மற்றவர்களுக்கும் பரவியது. அடுத்த மாதம் வந்தவர்கள் ஆறே பேர். அந்த ஆறு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. இரண்டு வருட உழைப்பு பாதியில் நின்றது.

துளசிமணிக்கோ வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வேறு பெண் இல்லை. பஸ் நிறுத்தம் வரை அந்த நிம்மதி இருந்தது. அங்கே கேட்டாள்: "அவங்ககிட்ட நெசத்தச் சொன்னீங்களா?"

"ம்."

"ஒண்ணு விடாம?"

"ஆமா துளசி. அவங்க திட்டமாட்டாங்க. எழுதிக்குவாங்க, அவ்வளவுதான்."

அணைந்த எரிச்சல் முன்னைவிட அதிகமாக மூண்டது. அன்று மாலையே மகளோடு கோபிக்குப் பஸ் ஏறினாள்.

வசவை வாங்கிக்கொண்டு வாக்கைக் காத்தார் டாக்டர். அவர் மானத்தைக் காக்க வாக்கை உடைத்தார் பாக்கியம். வேறு பெண் இல்லை என்று தெரிந்தபிறகும் வீட்டைவிட்டுப் போனாள் துளசிமணி. சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: டாக்டர் செய்தது சரி. ரகசியம் கனகராஜுடையது, திறக்க வேண்டியவனும் அவனே. பாக்கியம் நல்ல மனதோடுதான் பேசினார். ஆனால் ஒருவர் மானத்துக்காக முப்பத்தெட்டுப் பேரின் நம்பிக்கையைச் செலவழிக்க அவருக்கு உரிமையில்லை. துளசிமணியை அவசரக்காரி என்பீர்கள். தொட்டது தெரிந்தால் போய்விடுவேன் என்று மிரட்டி, அவன் உண்மை சொல்ல வழியில்லாமல் செய்தவளும் அவள்தான். ஆனால் தனக்குச் சேர வேண்டியது இன்னொருத்திக்குப் போகிறது என்ற அவள் சந்தேகம் பொய்யில்லை. "வேற பொம்பள இல்லைல்ல, அப்புறம் என்னடி?" என்று அம்மா கேட்டதற்கு அவள் சொன்னாள்: "அவருக்கு நெசம் பேசவே வராதுன்னுதான்மா இத்தன நாளு பொறுத்துக்கிட்டேன். வருது. எங்கிட்ட மட்டுந்தான் வரல."