வெறும் ப்ளாஷ்

"குருவம்மா, பிலிம் விலை மறுபடியும் ஏறிடுச்சு."

ரெஜினா தலையைத் தூக்கவில்லை. ஈரப் பிரிண்டுகளைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த வருஷத்துல இது மூணாவது தடவை. கடைக்காரன் கொஞ்சமும் கூசாம சொல்றான்."

"அவன் எதுக்குக் கூசணும்? அவனா ஏத்தினான்?"

புலம்பிக்கொண்டு நின்றவர் ஞானப்பிரகாசம். வயது ஐம்பத்திரண்டு. மில் மூடியதும், வீட்டில் உட்கார்ந்து மனைவியின் குழம்பில் குறை கண்டுபிடிப்பதைவிட ஒரு தொழில் கற்றுக்கொள்வது உத்தமம் என்று புத்தி வந்து, ரெஜினாவின் ஸ்டுடியோவில் சேர்ந்தவர். தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவளை குரு என்று ஊர் கேட்கச் சொல்ல அவர் வெட்கப்பட்டதில்லை. அந்த ஒரு குணத்துக்காகத்தான் அவளும் அவரைச் சேர்த்துக்கொண்டாள். பெயரில் ஞானமும் இருந்தது, பிரகாசமும் இருந்தது. மற்றபடி மனிதர் முழுக்கப் புலம்பல்தான்.

"கல்யாண வீட்டுல பேசின தொகைக்கு மேல ஒரு பைசா தரமாட்டேங்கிறாங்க. எப்படிப் பிழைக்கிறது?"

"குறைச்சு எடுங்க அண்ணே."

"விடுறாங்களா? மாப்பிள்ளையோட சித்தப்பா எடுங்கிறார். சித்தப்பாவோட பங்காளி எடுங்கிறார். பங்காளிக்கு ஒரு மச்சான் வந்து நிக்கிறார். கல்யாணமா, ஜனத்தொகைக் கணக்கெடுப்பா?"

ரெஜினா சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒரு வழி கண்டுபிடிச்சுட்டேன்."

கேமராவின் தலையில் ப்ளாஷ் பெட்டி. அதன் முதுகில் ஒரு சின்னப் பட்டன். அதை அமுக்கினால் ப்ளாஷ் மட்டும் அடிக்கும். கேமரா பாட்டுக்குத் தூங்கும். பிலிம் செலவாகாது.

அமுக்கிக் காட்டினார். அறை பளிச்சென்று ஒளிர்ந்து அடங்கியது.

"வெறும் ப்ளாஷ். நின்னவங்களுக்கும் சந்தோஷம், நமக்கும் மிச்சம். யாருக்கு என்ன நஷ்டம்?"

"யாருக்கெல்லாம் வெறும்?"

"சும்மா தொந்தரவு பண்றவங்களுக்கு. வாண்டுங்க. தண்ணி போட்டுட்டு வர்ற மாமாங்க. அப்புறம் பந்தி பரிமாறுறவங்க, பாத்திரம் கழுவுறவங்க. ஆல்பத்துல அவங்க படம் இல்லன்னு யார் கேட்கப்போறா?"

"இவங்களுக்கு நிஜம், இவங்களுக்கு வெறும்னு எதை வச்சு முடிவு பண்றீங்க?"

"பார்த்தாலே தெரியும், குருவம்மா."

"தெரியுதா?" ரெஜினா அடுத்த பிரிண்டை எடுத்தாள். "அப்போ இன்னும் கொஞ்ச நாள் பாருங்க."

இது பாராட்டா திட்டா என்று அவருக்குப் பிடிபடவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். ஆண்பிள்ளைகளுக்கு அது ஒரு வசதி.

*

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் காலை, பின்வாசல் வழியாக வந்தார். வந்ததும் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

"ஒரு அம்மா என்னைத் தேடுது, குருவம்மா."

"எந்த அம்மா?"

மாதா கோயில் மண்டபத்தில் பாத்திரம் கழுவும் சீனியம்மா.

மே மாதம் அங்கே நடந்த ஒரு கல்யாணத்துக்கு அவள் மகள் வனஜாவும் கூடமாட வேலைக்கு வந்திருந்தாள். மறுநாள் குவைத்துக்கு, யார் வீட்டிலோ வேலை செய்யப் புறப்பட வேண்டிய பெண். "அண்ணே, எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுங்கண்ணே" என்று கேட்டிருக்கிறாள். இவரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கொஞ்சம் சிரிங்க என்றெல்லாம் ஜோடனை பண்ணி, பட்டனை அமுக்கியிருக்கிறார்.

ப்ளாஷ் பட்டனை.

இப்போது அந்தப் பெண் குவைத்திலிருந்து எழுதியிருக்கிறாள். அந்தப் போட்டோவை அனுப்பு என்று.

"பிலிம்ல வெளிச்சம் பட்டு எல்லாம் போச்சுன்னு சொல்லிடட்டுமா? நீங்களும் ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்."

ரெஜினா எழுந்தாள். முன்வாசல் கதவைத் திறந்தாள். வெளியே பெஞ்சில் ஒரு பெண் விடிந்ததிலிருந்தே உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள வாங்க சீனியம்மா. நீங்க தேடுற அண்ணன் இங்கதான் இருக்கார்."

ஞானப்பிரகாசம் ஓர் எட்டுப் பின்வாங்கினார். திரும்பிப் பார்த்தார். ரெஜினா டார்க் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

குருமார்கள் எல்லாரும் இப்படித்தான். சரியாகத் தேவைப்படும் நேரத்தில் எழுந்து போய்விடுவார்கள்.

*

சீனியம்மா முந்தானையில் சுற்றி வைத்திருந்த கடிதத்தை எடுத்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. கான்வென்ட் சிஸ்டர் படிச்சுச் சொன்னாங்க. அங்க இவளுக்குத் தனி அறையாம். ராத்திரி தூக்கம் வரலையாம். உன் முகத்தைப் பார்க்கணும்போல இருக்கு, அந்த அண்ணன் எடுத்த படத்தை வாங்கி அனுப்புன்னு எழுதியிருக்கா."

அவர் வாயில் பொய் தயாராக இருந்தது. மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்து வழவழப்பாக்கி வைத்திருந்த பொய். பாழாய்ப்போனது வெளியே வரமாட்டேன் என்றது.

"அம்மா, அன்னைக்கு நான் எடுக்கவே இல்ல. ப்ளாஷை மட்டும்தான் அடிச்சேன். பிலிம் விக்கிற விலையில..."

"தெரியும்."

"என்னது?"

"பன்னெண்டு வருஷமா அந்த மண்டபத்துல கழுவுறேன். எத்தனையோ போட்டோக்காரங்களைப் பார்த்தாச்சு. பொண்ணு மாப்பிள்ளைய எடுத்தா, ஒவ்வொரு தடவையும் கட்டை விரலால ஒரு இழுப்பு இழுப்பீங்க. கர்ருனு பிலிம் நகர்ற சத்தம் வரும். எங்களை எடுத்தா அது மட்டும் வராது." அவள் லேசாகச் சிரித்தாள். "நாங்கல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்."

அவருக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. உட்கார்ந்தார்.

"தெரிஞ்சிருந்தா அப்பவே கேட்டிருக்கலாமே! ஒரு வார்த்தை கேட்டிருந்தா எடுத்திருப்பேனே!"

சீனியம்மா கடிதத்தை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"போகாதடின்னு சண்டை போட்டேன். அதுல இருந்து என்கூட அவளுக்குப் பேச்சே இல்ல. ஒரே பாயில படுத்து எந்திரிச்சோம், ஒரு வார்த்தை கிடையாது. அன்னைக்கு நீங்க நில்லுங்கன்னதும், அவளா வந்து என் தோள்ல கையப் போட்டா."

சீனியம்மா வலது தோளைத் தடவிக்கொண்டாள்.

"நான் வாயத் திறந்திருந்தா, கைய எடுத்திருப்பாளே அண்ணே."

தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

ஞானப்பிரகாசம் எழுந்தார். புது ரோல் ஒன்றைப் பிரித்துக் கேமராவில் மாட்டினார்.

"நீங்க மட்டும் இருக்கிற மாதிரியாவது எடுத்துத் தர்றேன். அந்த ஸ்டூல்ல உட்காருங்கம்மா."

"உட்கார வேணாம். அன்னைக்கு மாதிரி நிக்கிறேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, இடப்பக்கமாக இரண்டு எட்டு நகர்ந்துகொண்டாள்.

"நடுவுக்கு வாங்கம்மா. இந்தப் பக்கம் பூரா காலியாக் கிடக்கு."

"இருக்கட்டும். சேர்த்து எடுங்க."

அவர் கேமராவுக்குள் பார்த்தார். அவளுடைய வலது தோள் மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அதை நிமிர்த்தச் சொல்ல வாயெடுத்தார்.

சொல்லவில்லை.

*

சாயங்காலம் பிரிண்ட் காய்ந்தது. ரெஜினா அதைக் கொடியிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, நெற்றியைச் சுருக்கினாள்.

"என்ன அண்ணே இது? ஒரு ஓரத்துல அந்த அம்மா. மிச்சம் அத்தனையும் சுவரு. பிலிம் விக்கிற விலையில இப்படியா எடுப்பாங்க?"

ஞானப்பிரகாசம் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்ல. ஓரத்தை வெட்டிட்டா சரியாயிடும்."

படத்தைக் கட்டர் பலகையில் வைத்தாள். கத்தியைத் தூக்கினாள்.

ஞானப்பிரகாசம் உள்ளங்கையைக் கத்திக்குக் கீழே விரித்து வைத்தார்.

"கைய எடுங்க அண்ணே, விளையாடாதீங்க."

"வெட்டாதீங்க, குருவம்மா."

"ஏன்?"

"அங்க பொண்ணு நிக்குது."