சத்தம் வராத வில்

"டீச்சர், உச்சிக்கு வயலின் வராது. அவளப் பாட்டு வகுப்புக்கு மாத்திவிடுங்க."

எமல்டா டீச்சர் ஒரு வயலினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எத்தன நாளாச் சொல்லிக்குடுக்க?"

"ஒன்பது நாள்."

"அவ சத்தம் எப்படி இருக்கு?"

"தகரத்தத் தரையில போட்டு இழுத்த மாதிரி."

"பெரிய சத்தமா, சின்னச் சத்தமா?"

"பெருசு. உங்க ரூம் வரைக்கும் கேக்கும்."

"கேக்கு," என்றார். "நல்ல சத்தம்."

அவ்வளவுதான். அடுத்த வயலினை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

இதில் நல்லது எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. எரிச்சல்தான் வந்தது.

*

நான் பொன்ரேகா. பன்னிரண்டாவதில் நான் வாங்கிய மார்க்குக்கு எங்கேயும் இடம் கிடைக்காது. வயலின் மட்டும் எட்டு வருஷமாக வாசிக்கிறேன். அதனால் இசை ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன்.

இரண்டாம் வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே நிஜப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எனக்கு வந்தது ஏழாம் வகுப்பில் ஆறு பெண் பிள்ளைகள், ஆறு வயலின்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் பாட்டு டீச்சர்தான் எமல்டா டீச்சர். மற்ற நாளெல்லாம் பக்கத்து அறையில் இருப்பார். வெள்ளிக்கிழமை மட்டும் என் வகுப்பில் வந்து பின்னால் உட்காருவார். என் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

எட்டு வெள்ளி, எட்டுக் கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் அடுத்த வருஷம் முதலிலிருந்து. வீட்டில் அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. ஜவுளிக்கடைக்கு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

முதல் வெள்ளி டீச்சர் எழுதியது இது: 'பிள்ளைகள் ஆறு. கேட்ட வயலின் ஐந்து. ஆறாவதை ரேகா கண்ணாலேயே நிறுத்திவிட்டாள்.'

கையெழுத்துப் போட்டார். ஆனால் எனக்கு அந்த வரி முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது.

ஆறாவது, உச்சிமாகாளி.

*

வில்லில் இருப்பது குதிரை முடி. வெறும் முடி தந்தியில் வழுக்கிக்கொண்டு போகும், சத்தம் வராது. ரோசின் என்று ஒரு பிசின் கட்டி இருக்கிறது. அதை முடியில் தேய்த்தால்தான் தந்தியைப் பிடிக்கும். வாசிக்க வாசிக்க அது வெள்ளை மாவாகத் தந்திக்குக் கீழே உதிரும். டீச்சர் தினமும் துடைப்பது அந்த மாவைத்தான்.

பிள்ளைகள் கையில் ரோசினைக் கொடுத்தால் கீழே போட்டு உடைத்துவிடுவார்கள். அதனால் முந்தின நாள் சாயந்திரமே நான் தேய்த்து வைத்துவிடுவேன். அப்படி ஒரு சாமான் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாவது வெள்ளிக்கு முந்தின நாள், ஆபீசிலிருந்து ஒரு புது வில் வந்தது.

ஐந்து பழைய வில்லுக்குத் தேய்த்தேன்.

புது வில்லைக் கையில் எடுத்தேன். ரோசினைப் பார்த்தேன். ரோசினைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

உச்சியின் பழைய வில்லை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

மறதி இல்லை. நான் மறக்கவில்லை.

*

"எனக்கா அக்கா? புதுசா?"

"உனக்குத்தான்."

"ஏட்டி ஷைனி, பாத்தியா? எனக்குப் புதுசு!"

"பெரிய இவ. மொதல்ல அதுல வாசிச்சுக் காட்டு," என்றாள் ஷைனி.

உச்சி தலைமுடியில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனிலிருந்து ஒரு நூலை உருவினாள். அடையாளத்துக்கு வில்லின் அடியில் கட்டினாள். அவரவர் வில்லை அவரவர்தான் தொட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம்.

டீச்சர் வந்து பின்னால் உட்கார்ந்தார்.

சரளி வரிசை ஆரம்பித்தேன். ஐந்து வயலினும் ஒன்றாகப் போயின. அழகாக இருந்தது. உச்சி இழுத்தாள். காற்று போகிற மாதிரி ஓர் ஓசை, அதுவும் அவளுக்கு மட்டும் கேட்டிருக்கும். மறுபடி இழுத்தாள். என்னைப் பார்த்தாள்.

நான் குனிந்து அவள் காதில் சொன்னேன். "கை இறுக்கம். லேசா விடு. வரும்."

அவள் தலையாட்டினாள். பாடவேளை முடியும்வரை கையை லேசாக விட்டுக்கொண்டே இருந்தாள்.

*

வகுப்பு முடிந்ததும் டீச்சர் வயலின்களைத் துடைத்தார். ஐந்தைத் துடைத்தார். ஆறாவதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். துடைக்காமலே உறையில் வைத்தார்.

நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி ஜமுக்காளத்தைச் சுருட்டினேன்.

நோட்டில் எழுதினார். 'இன்று சத்தம் சுத்தம்.' கீழே பாதிப் பக்கம் காலியாக விட்டார்.

"கையெழுத்து, டீச்சர்?"

"அந்த எடம் கொறை எழுதுறதுக்கு. நீயே எழுதிக் கொண்டா. போடுதேன்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். 'பிள்ளைகள் நேரத்துக்கு வரவில்லை.'

படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

அதை அடித்துவிட்டு எழுதினேன். 'ஜமுக்காளம் ஆறு பேருக்குப் போதவில்லை.'

படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

'பக்கத்து மைதானத்துச் சத்தம் தொந்தரவாக இருக்கிறது.'

"எழுத்து அழகா இருக்கு," என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

*

திங்கட்கிழமை தேய்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

ஆனால் தேய்த்தால் திடீரென்று சத்தம் வரும். எப்படி வந்தது என்று ஆறு பேரும் கேட்பார்கள். அதுவும் இல்லாமல் வகுப்பு அமைதியாக இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. நேராகச் சொல்கிறேன், பிடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை தேய்க்கலாம் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு மணி அடித்த பிறகும் உச்சி தனியாக உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஷைனி கதவில் நின்று கத்தினாள்.

"ஏட்டி ஊமை வில்லு! முட்டை தீந்துபோவும், வா!"

"நீ போ. எனக்கு இப்ப வரும்."

"நாலு நாளா இதத்தான் சொல்லுத."

அன்றைக்கு உச்சி முட்டை சாப்பிடவில்லை.

புதன்கிழமை அவளே என்னிடம் வந்தாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

"அக்கா, நான் கோகோ டீமுல சேந்துக்கிடுதேன்."

"ஏன்?"

"எனக்கு முன்னால சத்தமாச்சும் வந்துச்சு. இப்ப அதுவும் போயிட்டு. சில பேர் கை அப்படித்தான் போல. எங்கம்மா கையும் செடி வச்சா வராது."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

"சரி," என்றேன்.

அவள் போன பிறகு எனக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கு இருந்த வெட்கத்திலேயே பெரிய வெட்கம் அந்த நிம்மதிதான். ஆனால் அந்த வெட்கம் பிறகு வந்தது. அப்போது வெறும் நிம்மதி.

*

"டீச்சர், உச்சியே போறேன்னுட்டா."

"அப்படியா."

"நான் போகச் சொல்லல."

"நீ சொல்லல," என்றார் டீச்சர். "வெள்ளிக்கிழம மட்டும் வந்துட்டுப் போகச் சொல்லு. வில்லத் திருப்பித் தரணும்லா."

"நானே எடுத்து வச்சிட்டேன்."

"அவ கையால தரட்டும்."

*

வெள்ளிக்கிழமை ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். உச்சி ஓரமாக, வயலின் இல்லாமல், நான் எடுத்துக் கொடுத்த வில்லை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். டீச்சர் இந்தத் தடவை பின்னால் போகவில்லை. முன்னாலேயே நின்றார்.

"ரேகா, இன்னைக்கு நீ சொல்லிக்குடுக்க வேண்டாம். வாசி."

"வாசிக்கவா?"

"ரெண்டு வாரமா இந்தப் பிள்ளைங்களுக்கு அது தப்பு, இது தப்புன்னு சொல்லுத. நீ வாசிச்சு அதுக ஒரு பாட்டுக்கூடக் கேட்டதில்ல."

பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாசிக்கிறது ஒன்றுதான் எனக்கு வரும். சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வயலினைத் தோளில் சாய்த்து, அதன் தலையைக் காலில் ஊன்றினேன். என் வில்லுக்குக் கையை நீட்டினேன்.

டீச்சர் உச்சியின் மடியிலிருந்த வில்லை எடுத்து என் கையில் வைத்தார்.

"டீச்சர், அது உச்சி வில்லு!" என்றாள் ஷைனி. "அவுக வில்ல அவுகதான் தொடணும். அக்காதான் சொன்னாங்க."

"இன்னைக்கு ஒரு நாள் தொடலாம்," என்றார் டீச்சர்.

சிவப்பு நூல் என் சுண்டுவிரலில் பட்டது.

இது ரோசின் போடாத வில் என்று சொன்னால் முடிந்தது. எட்டு வருஷம் வாசித்தவள் வேறு என்ன சொல்வாள்? ஒரே ஒரு வார்த்தை.

அதைச் சொன்னால் உச்சி கேட்பாள். அப்படின்னா என்ன அக்கா என்று கேட்பாள்.

நான் இழுத்தேன்.

காற்று.

திருப்பி இழுத்தேன். அழுத்தி இழுத்தேன். வில் வழுக்கிக்கொண்டு, தந்திகளைத் தாங்கும் பாலம் வரை போய் 'டக்'கென்று மரத்தில் இடித்தது. ஷைனி சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள்.

எனக்குக் காது சுட்டது. நிறுத்தவும் முடியவில்லை. நிறுத்தினால் பேச வேண்டும். இழுத்துக்கொண்டே இருந்தேன்.

யாரோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

உச்சி.

என் மணிக்கட்டில் ஒரு விரலை வைத்தாள். மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"கை இறுக்கம் அக்கா. லேசா விடுங்க. வரும்."

*

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் போய்விட்டார். என் நோட்டு மேசையில் விரிந்து கிடந்தது. நான் எழுதிய மூன்று வரிக்குக் கீழே இன்னும் இடம் இருந்தது.

வில்லைக் கீழே வைத்தேன். பெட்டியைத் திறந்து ரோசினை எடுத்தேன்.

"அது என்னது அக்கா?"

"ரோசின். இதத் தேச்சாத்தான் சத்தம் வரும். எல்லா வில்லுக்கும் நான்தான் தேச்சு வைப்பேன்."

"இதுக்கு?"

"தேய்க்கல."

"மறந்துட்டீங்களா?"

அவளே எனக்கு ஒரு வழி திறந்து விட்டாள். ஆமாம் என்று சொன்னால் போதும்.

"இல்ல," என்றேன். "நீ வாசிக்கிறது டீச்சருக்குக் கேக்கக் கூடாதுன்னு. வேணும்னேதான்."

உச்சி தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். விரல்களை ஒரு தடவை மடக்கி விரித்தாள்.

"அப்ப கை?"

"கை நல்லாத்தான் இருக்கு."

என் கையிலிருந்து ரோசினை வாங்கினாள். வாங்கினாள் என்று சொல்ல முடியாது, பிடுங்கினாள். வில்லை மடியில் வைத்து, அடியிலிருந்து நுனி வரை தேய்த்தாள். நுனியிலிருந்து அடி வரை தேய்த்தாள். தப்பான பிடி. ஆனால் தேய்ந்தது.

"டீச்சர்," என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள், "எத்தன தடவ தேய்க்கணும்?"

டீச்சர் திரும்பினார். "உங்க அக்காகிட்ட கேளு."

உச்சி என்னிடம் கேட்கவில்லை.

"புது வில்லுக்கு அறுபது," என்று நானே சொன்னேன்.

அவள் காதில் வாங்கவில்லை. தனக்குள்ளே எண்ணிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

நானும் எண்ணினேன். அறுபதில் அவள் நிறுத்தவில்லை.