ஆள்காட்டிக்கு அந்தப் பெயர் வந்த விதம்

மிருகங்களும் பறவைகளும் வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில், ஓர் ஏரிக்கரைப் பொட்டலில் மஞ்சக்காலி என்ற பறவை வாழ்ந்தாள். தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடுகிற இனம். அந்த ஆண்டு அவளும் அவள் துணைவனும் நான்கு முட்டைகளை மாறி மாறி அடைகாத்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரும் பேசினார்களே தவிர, ஒரே பேச்சாகப் பேசவில்லை. 'நிழல்' என்றால் நாரைகளுக்கு வேட்டைக்கு வரும் மனிதன். ஓசையில்லாமல் வருவானே, அதனால். பொட்டல் பறவைகளுக்கோ நிழல் என்றால் தலைக்கு மேலே வட்டமிடும் பருந்து. முயல்களுக்கு அது வெறும் நிழல்தான், படுத்துத் தூங்குகிற இடம்.

ஒரு காலையில் மஞ்சக்காலி தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். வலையோடு ஒருவன் வருவதைக் கண்ட நாரை, "நிழல்! நிழல்!" என்று கத்தியது. முயல் ஒன்று சந்தோஷமாகப் புதரைவிட்டுத் துள்ளி வந்து மாட்டிக்கொண்டது. மஞ்சக்காலியின் துணைவன் பருந்து என்று நினைத்து, முட்டைகளை விட்டு நாலடி தள்ளி, தரையோடு தரையாகப் படுத்தான். பருந்துக்கு அதுதான் சரி. மனிதன் என்று தெரிந்திருந்தால் பறந்திருப்பான். வலை விழுந்தது.

அவள் திரும்பியபோது ஓர் இறகு கிடந்தது. முட்டைகளில் அவன் சூடு இன்னும் ஆறவில்லை.

"நான் எச்சரித்தேனே, அம்மா," என்றது நாரை.

"எச்சரித்தீர்கள். அவர் காதிலும் விழுந்தது. விழுந்ததால்தான் போய்விட்டார்."



முட்டைகளை விட்டு அவளால் நகர முடியாது. நாரையையே அனுப்பி எல்லாரையும் பொட்டலுக்கு வரவழைத்தாள். அடைகாத்தபடியே பேசினாள்.

"வலையோடு வருகிறானே, அவனுக்கு ஒரே பெயர் வேண்டும். நம் எல்லாருக்கும் அதே பெயர். அது வேறு எதற்கும் பெயராக இருக்கக் கூடாது."

"இரண்டுகாலன் என்போமே," என்றது மான்.

"நானும் இரண்டு காலில்தான் நிற்கிறேன், அண்ணா."

"நேராகச் சொல்லப் பயந்து நாங்கள் 'பெரியவர்' என்போம்," என்றது முயல்.

"யானையையும் அப்படித்தானே சொல்கிறீர்கள்? யானைக்கு ஒதுங்கி நின்றால் போதும். இவனுக்குப் போதுமா?"

மயில் தோகையைச் சிலிர்த்துக்கொண்டது. "எங்கள் வழக்கில் 'வஞ்சநெஞ்சக் கொடுங்கோலன்' என்று அழகாக ஒன்று உண்டு."

"நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் வலை விழுந்துவிடும்."

மயிலுக்குக் கோபம். மானும் விட்டுக்கொடுக்கவில்லை. வெயில் ஏற ஏற, ஒவ்வொருவராக எழுந்து நடக்கத் தொடங்கினார்கள்.

"போகாதீர்கள்!" என்றாள் மஞ்சக்காலி. "இன்று என் வீடு. நாளை யார் வீடோ?" பிறகு ஊர்க்கூரையில் கூடு கட்டியிருந்த மைனாவைப் பார்த்தாள். "உங்கள் ஊர் மனிதர்கள் தங்களை என்னவென்று சொல்லிக்கொள்கிறார்கள்?"

"ஆள் என்பார்கள். ஆள் வந்தது, ஆள் போனது என்று."

அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சின்னச் சொல். அங்கே யாரும் அதை வேறு எதற்கும் வைத்திருக்கவில்லை. யாருடைய சொல்லும் ஜெயிக்காததால் யாருக்கும் மனத்தாங்கலும் இல்லை.

நரி மட்டும் சிரித்தது. "நாளைக்கே நான் விளையாட்டுக்கு 'ஆள்' என்று ஊளையிட்டால்?"

மஞ்சக்காலிக்கு அப்போது இனிய குரல். விடியலுக்கு ஒரு பாட்டும் மழைக்கு ஒரு பாட்டும் வைத்திருந்தாள்.

"அப்படியானால் நானே கத்துகிறேன். இனி இந்தத் தொண்டையில் வேறு சொல் வராது, பாட்டும் வராது. என் குரல் கேட்டால் ஆள் வந்திருக்கிறது என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது."

எட்டாம் நாள் அவன் வந்தான். கல்லோடு கல்லாக உட்கார்ந்திருந்த அவள் அவன் கண்ணில் படவில்லை. வாய் திறக்காமல் இருந்தால் கடந்து போய்விடுவான். ஆனால் அந்தப் பக்கம் மான்கள் குட்டிகளோடு மேய்ந்துகொண்டிருந்தன. அவள் எழும்பிப் பறந்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

பொட்டலே ஒரே நேரத்தில் ஓடியது. மான் காட்டுக்குள், முயல் வளைக்குள், கவுதாரிகள் வானத்தில். அவன் ஆத்திரத்தில் கம்பை வீசி அவளைத் துரத்தினான். அவள் தாழப் பறந்து பறந்து அவனை ஏரியின் மறுகரைவரை இழுத்துப் போனாள். துரத்திய வேகத்தில் அவன் குதிகால் ஒரு முட்டையை நசுக்கிவிட்டது. மூன்று பொரிந்தன.

அவளை 'ஆள்காட்டி' என்று முதலில் அழைத்தது நாரைதான். இன்றும் மனிதன் பொட்டலில் கால் வைத்தால், மானும் முயலும் அவனைத் தேடிப் பார்ப்பதில்லை, அவள் குரல் கேட்டதும் ஓடிவிடுகின்றன. ஆள்காட்டிக் குருவிக்குப் பாட்டு இல்லாமல் போனதும் அந்த நாளிலிருந்துதான்.