கடைசியில் திறக்கும் கண்

அந்தக் காலத்தில் மாடு பேசும், மரம் பேசும், மலைக்கல்லும் பேசும். கல்லுக்கு உடம்பெல்லாம் வாய். ஆனால் உளி பட்டு முகத்தில் ஓர் உறுப்பு வந்துவிட்டால், குரல் முழுவதும் உள்ளே ஒடுங்கிவிடும். வாயைச் செதுக்கினால்தான் மறுபடி வெளியே வரும். அதனால் சிற்பிகள் எப்போதும் வாயைத்தான் முதலில் செதுக்குவார்கள்.

மலையடிவாரத்தில் சடையாண்டி ஆசாரி என்று ஒரு சிற்பி இருந்தான். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். செம்பி என்ற சின்ன மகள் ஒருத்திதான் அவனுக்கு உலகம். ஊருக்குக் காவல் அம்மன் செய்யக் கல்லை நிமிர்த்தி உளியை எடுத்தபோது கல் பேசியது.

"ஆசாரியாரே, பிறந்ததிலிருந்து மலைக்குள் இருட்டிலேயே கிடந்துவிட்டேன். முதலில் கண்ணைத் திறந்துவிடுங்கள். வாய் பிறகு ஆகட்டும்."

"வழக்கம் அப்படி இல்லையே, தாயே."

"வழக்கத்தை வைத்தது நீங்கள்தானே?"

பாழாய்ப்போன இரக்கம்! சடையாண்டி கண்ணைத் திறந்துவிட்டான். அம்மன் வானத்தைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், செம்பியைப் பார்த்தாள். குரல் அடங்கிப்போயிற்று.

அதற்குள் உளி மழுங்கிவிட்டது. காய்ச்சித் தட்டக் கொல்லன் பட்டறைக்குக் கிளம்பினான்.

"அப்பா, நானும் வரட்டா?"

"வேண்டாம் தாயி, வெயில் கொளுத்துது. அம்மன்தான் கண்ணு முழிச்சுட்டாளே, உன்னைப் பாத்துக்குவா."

நம்பித்தான் சொன்னான், பாவி.

அம்மன் கண்ணில் கல்தூசி படிந்திருப்பதைச் செம்பி பார்த்தாள். கழுவிவிடலாமென்று கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு, கல் வெட்டிய பள்ளத்தில் தேங்கிய மழைத்தண்ணீரை மொள்ளப் போனாள்.

சடையாண்டி திரும்பி வந்தபோது கொட்டாங்கச்சிதான் மிதந்துகொண்டிருந்தது. உள்ளே குதித்து மகளைத் தூக்கினான். உயிர் இல்லை.

அடக்கம் முடித்து வந்து அம்மனுக்கு வாயைச் செதுக்கினான். உதடு கோணிப்போயிற்று.

"என்ன பார்த்தாய், சொல்."

"என் கண்ணைக் கழுவத்தான் தண்ணீருக்குப் போனாள். கால் வழுக்கிவிட்டது. கரையைப் பிடித்துப் பார்த்தாள். அப்பா என்று கூப்பிட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்."

"நீ என்ன செய்தாய்?"

"பார்த்துக்கொண்டிருந்தேன். கத்த வாய் ஏது ஆசாரியாரே? ஓடக் கால் ஏது?"

கல் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அதன்பின் எந்தக் கல்லும் வாய் திறக்கவில்லை. வெட்கமோ துக்கமோ, யார் கண்டது?

அன்று முதல்தான் காலும் கையும் வாயும் முடித்து, எல்லாவற்றுக்கும் கடைசியில் சிலைக்குக் கண் திறக்கிறார்கள். பிள்ளை தண்ணீரில் விழுந்தால் சாமி சும்மா பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது அல்லவா? அதற்குத்தான். அப்படியும் நிற்கத்தான் நிற்கிறது.